நரிப்பாறைக்கு நாங்க அடிச்ச ஃப்ளெக்ஸ் பாலம்

நான் ரிட்டயர்டு ஆயிட்டேன். வயசு இருபத்தாறு. பென்ஷன் இல்ல, பொன்னாடை இல்ல. கடைசி நாள் ஒரு பப்ஸும் ஒரு ரோஸ்மில்க்கும் வாங்கிக் குடுத்தாங்க. ரோஸ்மில்க்க பிரிண்டிங் ஓட்டுற தம்பியோட பங்கு போட்டுக்கிட்டேன்.

காலேஜ் ஜூனியர்ஸ் குரூப்புல போன வாரம் ஒருத்தி கேட்டா. "சத்யாக்கா, ஏஐ வந்துருச்சுல்ல, டிசைன் லைனுக்கு வரலாமா வேணாமா, உங்க அனுபவத்தச் சொல்லுங்க." அனுபவம்னா எங்கூர்ல சுகர் மாத்திரை போடுறவங்க சொல்றது. இருந்தாலும் கேட்டுட்டீங்க. டைப் பண்றேன். தப்பு இருந்தா நீங்களே சரி பண்ணிப் படிச்சுக்கங்க. ப்ரூஃப் பாக்குற சோலியில இப்ப நான் இல்ல.

விஸ்காம் படிச்சேன். அதுல சொல்லிக் குடுத்தது: படத்துல காலி எடம் விடணும், பாக்குறவன் கண்ணு எங்க போகும்னு யோசிக்கணும். முடிச்சிட்டு போடி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பெருமாளண்ணே ஃப்ளெக்ஸ் கடையில சேந்தேன். மொத வேலை ராசிங்காபுரத்துல ஒரு காதுகுத்து பேனர். காலி எடம் விட்டு சும்மா கெத்தா போட்டேன். பெருமாளண்ணே எட்டிப் பாத்தாரு.

"ஏத்தா, இந்த எடத்துக்கும் சேத்துத்தான அவங்க காசு குடுக்குறாக?"

அந்த எடத்துல ரெண்டு தாய்மாமன வச்சேன். எல்லாரும் சந்தோசமாப் போனாங்க. என் படிப்பு அன்னைக்குத்தான் முடிஞ்சது.

பெருமாளண்ணனப் பத்திச் சொல்லணும். கழுத்துல எப்பவும் டெய்லர் மாதிரி இஞ்ச் டேப்பு தொங்கும். ஆனா சட்டை தைக்கத் தெரியாது. யார் வந்து எதக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பாத்துக்கலாம்." கல்யாண பேனர்ல மாப்பிள்ளை பேரு மாறிப் போச்சா, பாத்துக்கலாம். செத்துப் போனாருன்னு ஒருத்தருக்கு அடிச்ச அஞ்சலி போர்டப் பாத்துட்டு, அவரு உயிரோட இருக்காருன்னு சொந்தக்காரங்க சண்டைக்கு வந்தாங்களா, பாத்துக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு சரி, முடியாது, மன்னிச்சுக்கங்க, கிளம்புங்கன்னு நாலு அர்த்தம். எந்த அர்த்தம்னு மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருசம் ஆச்சு.

கடையில ஒரே ஒரு ஃபேன். அதுக்கு அடியில ஒரு சேர். அது ஆளுங்கட்சிக்காரங்களுக்கு. எதிர்க்கட்சிக்கு வாசல் பக்கம் ஸ்டூல், வெயில் அடிக்கும். ஆட்சி மாறுனா சேர் அங்கயே இருக்கும், உக்கார்ற ஆளு மாறுவாரு. சில நேரம் ஆளும் மாற மாட்டாரு, வேட்டிக் கரை மட்டும் மாறிரும்.

வெளியூர் ஜூனியர்களுக்கு ஒண்ணு சொல்லிர்றேன். எங்க பக்கம் கட்சிக்காரங்கள பேரு சொல்லிக் கூப்பிடுறது மரியாதை இல்ல. பதவியச் சொல்லித்தான் கூப்பிடணும். ஊருக்குள்ள ஒரு வட்டாரத்துக்குச் செயலாளர்னா "வட்டம்". ஒன்றியத்துக்குச் செயலாளர்னா "ஒன்றியம்". மாவட்டத்துக்கே செயலாளர்னா "மாவட்டம்". "மாவட்டம் சாப்பிட்டுட்டு இருக்கு", "ஒன்றியத்துக்கு வயித்து வலி", "வட்டத்த போன வாரம் நாய் கடிச்சிருச்சு" இப்படித்தான் பேசுவோம். யாரும் சிரிக்க மாட்டோம்.

எங்க கடைக்கு வர்ற ஒன்றியம், நான் வேலை பாத்த காலத்துக்குள்ள மூணு கட்சியில இருந்தாரு. மூணுலயும் ஒன்றியமாத்தான் இருந்தாரு. பேனர்லயும் பெருசா மாத்த வேண்டியதில்ல. ஏன்னா உடம்பு ஒண்ணுதான்.

உடம்புன்னா, ஒருத்தர் பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான் கொண்டாந்து குடுப்பாரு. தலை மட்டும்தான் இருக்கும். வெள்ளைச் சட்டை போட்டு, கும்பிட்ட மாதிரி, கையசைக்கிற மாதிரி, நெஞ்ச நிமித்தி நடந்து வர்ற மாதிரி நாங்க ரெடியா உடம்பு வச்சிருப்போம். தலைய மட்டும் எடுத்து ஒட்டுவோம். அந்த உடம்பெல்லாம் பெருமாளண்ணனோடது. கடை ஆரம்பிச்சப்ப மாடல் கிடைக்கலன்னு அவரே சட்டை போட்டு நின்னு எடுத்தது. போடி சுத்துப்பட்டுல எல்லாக் கட்சி நிர்வாகிக்கும் கழுத்துக்குக் கீழ பெருமாளண்ணேதான். எதிரும் புதிருமா நிக்கிற ரெண்டு பேனர்லயும் அவரே அவரப் பாத்துக் கும்பிட்டுக்கிட்டு இருப்பாரு.

அடுத்தது தலை அளவு. தொழில் இங்கதான் இருக்கு. மேல் தலைவர் தலைய விட மாவட்டம் தலை சின்னதா இருக்கணும். மாவட்டத்த விட ஒன்றியம். ஒன்றியத்த விட வட்டம். ஆனா ரொம்பவும் சின்னதாக் கூடாது, அவருதான காசு குடுக்குறாரு. பெருமாளண்ணே கழுத்துல இருக்க டேப்ப எடுத்து ஸ்கிரீன்லயே வச்சு அளப்பாரு. நாடிக்கு நேரா நாடி வந்துச்சுன்னா சண்டை. ஒருக்கா சிலமலைப் பக்கம் வச்ச பேனர்ல வட்டத்தோட நெத்தி, ஒன்றியத்தோட புருவத்துக்கு மேல போயிருச்சு. காலையில வந்து பாத்தா பேனர்ல வட்டம் இருந்த எடத்துல ஓட்டை. அது வழியா பின்னாடி இருக்க டீக்கடை தெரியுது. வெட்டுனது யாருன்னு யாருக்கும் தெரியாதாம். புதுசா அடிச்சுக் குடுத்தோம். பாத்துக்கலாம்.

இப்ப ஏஐ கதை. நீங்கெல்லாம் இன்ஜினியரிங் படிக்கிற பசங்கதான் மொதல்ல யூஸ் பண்ணாங்கன்னு நெனப்பீங்க. இல்ல, எங்க கடையில மொதல்ல யூஸ் பண்ணது நானு. முடியோட ஓரத்த ஒவ்வொரு இழையா வெட்டி எடுக்க எனக்கு ஒரு காலைப் பொழுது ஓடும். ஏஐல போட்டேன், கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. பெருமாளண்ணே பின்னாடி நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்காரு.

"இம்புட்டு நாளா இதத்தான் பண்ணிக்கிட்டு இருந்தியா?"

"ஆமாண்ணே."

"காலைலருந்து மத்தியானம் வரைக்கும்?"

"ஆமாண்ணே."

அவரு போயி சேர்ல உக்காந்தாரு, ஆளுங்கட்சி சேர்ல. என் ரிட்டயர்மெண்ட் அந்த நிமிசம் ஆரம்பிச்சிருச்சு. எனக்குத்தான் தெரியல.

கிஷோரு ஒன்றியத்தோட அக்கா மகன். இன்ஜினியரிங் படிக்கிறான். ரொம்ப மரியாதையான பையன், அதான் கடுப்பு. "அக்கா, சும்மா ட்ரை பண்ணேன்க்கா"ன்னு போன நீட்டுவான், அதுல ஒரு முழு பேனரே இருக்கும். ஒரு ஏலக்காய் வியாபாரிக்கு ஒண்ணு போட்டுக் கொண்டாந்தான். அவரு ஏலத்தோட்டத்துல நிக்கிறாரு, தலைக்கு மேல திராட்சைக் கொத்து மாதிரி ஏலக்காய் தொங்குது. ஏலச்செடியில காய் தூர்ல, மண்ண ஒட்டி சரஞ்சரமா கெடக்கும். குனிஞ்சு எடுத்து எடுத்தே எங்க மதினிக்கு இடுப்பு போச்சு. மதினிகிட்ட அந்தப் படத்தக் காமிச்சேன். ரொம்ப நேரம் பாத்துச்சு.

"இந்தத் தோட்டம் எங்க இருக்கு சத்யா? அங்க ஆள் எடுக்குறாகளா?"

வியாபாரி அந்த பேனரத்தான் வாங்கிட்டுப் போனாரு. ஏலக்காயிலயே பொறந்து வளந்த மனுசன். தன் மூஞ்சி நல்லா இருக்கான்னு மட்டும் பாத்தாரு.

மதினி பேரு ஈஸ்வரி. எங்க அண்ணன் பொண்டாட்டி. அண்ணே மலைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்ல டிரைவர், வாரத்துக்கு ஒருக்கா வரும். மதினியும் மக தர்ஷினியும் இருக்கது நரிப்பாறையில. குரங்கணியத் தாண்டி ஜீப்பு ரோடு முடிஞ்சு கொஞ்ச தூரம் நடந்தா ஒரு ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் ஊரு. கோடையில கல்லு மேல கால வச்சுத் தாண்டிரலாம். ஐப்பசியில மழை எறங்கிருச்சுன்னா தண்ணி நெஞ்சு மட்டுக்குப் போகும். மூங்கில வெட்டிப் போடுவாங்க, மூணாவது மழையில அது போடிக்கு வந்துரும். பள்ளிக்கூடம் ஓடைக்கு இந்தப் பக்கம். போன மழைக்கு வீட்ல நின்ன ரெண்டு பொம்பளப் பிள்ளைக திரும்பப் பள்ளிக்கூடம் போகவே இல்ல, இப்ப எஸ்டேட்ல காய் எடுக்குதுக. தர்ஷினி இந்த வருசம் பத்தாவது.

"இந்த மழைக்கு இவளும் நின்னான்னா அடுத்து கூடையத் தூக்கிருவா. நான் ஒண்ணும் சொல்ல முடியாது, கூட இருக்கதுக எல்லாம் காசு வாங்குதுக" ன்னு மதினி சொல்லிக்கிட்டே இருக்கும். பாலம் கேட்டு அவங்க குடுக்காத மனு இல்ல. கட்சிக்கு ஒண்ணுன்னு எல்லாருக்கும் குடுத்தாங்க.

ஒருநாள் ஒன்றியம் கடைக்கு வந்து ஃபேனுக்கு அடியில உக்காந்தாரு. கூட கிஷோரு.

"பாப்பா, நரிப்பாறைப் பாலத்துக்கு மாவட்டத்துக்கு நன்றி சொல்லி ஒரு பேனர் போடணும்."

மவுஸ விட்டுட்டு எந்திரிச்சேன். "பாலம் எப்பண்ணே போட்டாங்க?"

"போடுவாக. சாங்ஷன் ஆகப் போகுது."

"ஆகப் போறதுக்கு நன்றியா?"

"முன்னாடியே நன்றி சொல்லிட்டா அப்புறம் செய்யாம இருக்க முடியாதுல்ல. அரசியல் பாப்பா, உனக்குப் புரியாது."

கிஷோரு போன நீட்டுனான். பாலம் ரெடி. கடல் மேல போற பாலம், கம்பி கம்பியா இழுத்துக் கட்டி, கீழ ரெண்டு கப்பல் போகுது. ஒன்றியம் உத்துப் பாத்தாரு.

"கப்பல் மட்டும் வேணாம் மாப்ளே. ஓடைதான அது."

அப்புறம் என்னைப் பாத்தாரு. "நீ அந்த ஊருக்குப் போக வர இருக்க பிள்ளதான. பாத்தா அங்க இருக்க மாதிரியே இருக்கணும்."

செஞ்சேன். ஏஐ வச்சுத்தான் செஞ்சேன், ஆனா ரசிச்சு செஞ்சேன். என் போன்ல அந்த ஓடை போட்டோ நெறைய கெடக்கு. அந்தப் பாறை, அந்த சில்வர் ஓக் மரம், அதுல ஏறுன மொளகுக் கொடி எல்லாம் அப்படியே. நடுவுல ஒரு சின்னப் பாலம், பச்சைப் பெயிண்ட் அடிச்ச கைப்பிடி, அது மேல யூனிஃபார்ம் போட்டு ஒரு பிள்ளை நடந்து போகுது. ஓரத்துல சின்ன எழுத்துல "மாதிரிப் படம்"னும் போட்டேன். பிரிண்டுக்குப் போறப்ப வட்டம் வந்து தன் தலை இல்லன்னு கத்துனாரு. "மாதிரிப் படம்" இருந்த எடத்துலதான் தலைய வைக்க எடம் இருந்துச்சு.

பேனர் பஸ் ஸ்டாண்டுல நின்னுச்சு. மதினி சந்தைக்கு வந்தது பாத்துட்டு நேரா கடைக்கு வந்துருச்சு.

"சத்யா, அந்தப் பாலத்துல போறது யாரு பிள்ள?"

"யாரும் இல்ல மதினி, ஏஐ பண்ணுனது."

"அந்தப் பிள்ளை மட்டும் பள்ளிக்கூடம் போகுதாக்கும்."

பையத் தூக்கிட்டுப் போயிருச்சு. திட்டிருந்தா கூடப் பரவாயில்ல.

ரெண்டு நாள்ல ஒன்றியம் ஓடி வந்தாரு. சேர்ல உக்காரவே இல்ல.

"பெருமாளு, மாவட்டம் பேனரப் பாத்துருச்சு. பாலம் முடிஞ்சிருச்சா, சொல்லவே இல்லையே, சந்தோசம், நேர்ல வந்து பாலத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துருவோம்னுருச்சு. வெள்ளிக்கிழமை வருது."

"பாலம் இன்னும் வரலன்னு சொல்லிருங்கண்ணே" ன்னு நான் சொன்னேன்.

என்னமோ அசிங்கமா பேசிட்ட மாதிரி ரெண்டு பேரும் என்னையப் பாத்தாங்க.

"மாவட்டத்துக்கிட்ட இல்லன்னு எப்படிம்மா சொல்றது?"

பெருமாளண்ணே டேப்ப உருவுனாரு. "பாத்துக்கலாம். ஓடை எத்தன அடி?"

"எதுக்கு?"

"பாலம் சைஸுக்கே ஃப்ளெக்ஸ் அடிச்சு ஓடைக்கு முன்னாடி நட்டுருவோம். முன்னாடி நின்னு போட்டோ எடுத்தா பாலத்துல நிக்கிற மாதிரித்தான் விழுகும்."

காதுகுத்துக்கு அளவு கேக்குற மாதிரியே கேட்டாரு. ஒன்றியம் பெருமாளண்ணே கையப் புடிச்சுக்கிட்டாரு. கண்ணு கலங்கிருச்சு. அந்த ஓடையில தண்ணி வந்தா பிள்ளைக போக முடியாதுன்னு எழுதுன மனு எல்லாத்தயும் வாங்குனப்ப அவருக்கு அப்படிக் கலங்குனதா யாரும் சொல்லல.

சாயங்காலம் மதினிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அப்ப பாலம் முடிஞ்சதாத்தான் கணக்கு. முடிஞ்ச பாலத்த எவன் வந்து திரும்பக் கட்டுவான்?"

"ஆமா மதினி."

"போன எலெக்சன் ஃப்ளெக்ஸுதான் எங்க அடுப்படிக்குக் கூரை. தலைவர் மூஞ்சி உள்பக்கமா இருக்கு, நான் சோறாக்குறத பாத்துக்கிட்டே இருப்பாரு. துணி எங்களுக்குத் தங்கிரும், கம்பியத்தான் நீங்க எடுத்துட்டுப் போயிருவீக." அப்புறம் கேட்டுச்சு. "இந்தக் கம்பி எம்புட்டு கனம் தாங்கும்?"

இந்தக் கேள்விய எங்க காலேஜ்ல யாரும் கேட்டதில்ல.

மறுநாள் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். பாண்டியண்ணே எங்க கடைக்கு ஃப்ரேம் செய்றவரு. சாதாரணமா பேனர் ஃப்ரேமுன்னா மெல்லிசு பைப்புல நாலு சைடும் ஒரு சட்டம், அவ்வளவுதான். நான் பேப்பர்ல வரைஞ்சு குடுத்தேன். முன்னாடி ஒரு சட்டம், பின்னாடி ஒரு சட்டம், ரெண்டையும் நடுவுல குறுக்கும் நெடுக்கும் கம்பி போட்டு இணைக்கணும். பைப்பு கனமா இருக்கணும். நீளம், ஓடையில பாறைக்குப் பாறை உள்ள அளவ விட நாலடி கூட. பாண்டியண்ணே பேப்பரத் திருப்பிப் பாத்தாரு, படுக்கப் போட்டுப் பாத்தாரு.

"பாப்பா, இது நிக்கிறதுக்கா, படுக்குறதுக்கா?"

"ரெண்டுக்கும்ணே."

கண்ணாடிய எறக்கி விட்டுக்கிட்டு வேலைய ஆரம்பிச்சாரு.

மத்தியானம் ஒன்றியம் பட்டறைக்கு வந்துட்டாரு. கம்பியப் பாத்துட்டு மெரண்டுட்டாரு.

"என்னப்பா இது, பேனருக்கு இம்புட்டு இரும்பா?"

"காத்துக்குண்ணே" ன்னேன். "அந்தப் பள்ளத்துல எப்படி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும். மாவட்டம் முன்னாடி நிக்கையில பின்னாடி இருந்து சாஞ்சுச்சுன்னு வைங்க."

ஒன்றியம் யோசிச்சாரு. மாவட்டம் மேல பாலம் விழுகுறத மனசுக்குள்ள ஓட்டிப் பாத்தாரு போல.

"பாண்டி, இன்னும் ரெண்டு குறுக்குக் கம்பி போடு."

போட்டாரு.

துண்டு துண்டா ஜீப்புல ஏத்தி, ரோடு முடியுற எடத்துல எறக்கி, நரிப்பாறை ஆம்பளைக வந்து தோள்ல தூக்கிட்டுப் போயி போல்ட்டு போட்டு நிறுத்துனாங்க. அது மேல ஃப்ளெக்ஸ இழுத்துக் கட்டுனோம். சும்மா சொல்லக் கூடாது, அருமையா இருந்துச்சு. நானே பத்தடி தள்ளிப் பாத்துட்டு, ஏறிப் போயிரலாம் போலன்னு நெனச்சேன். ஒரு நாய் வந்து கைப்பிடிய மோந்து பாத்துட்டு, காலத் தூக்கிட்டுப் போச்சு.

மாவட்டம் வந்தாரு. நாலு ஜீப்பு. மலையில மேகம் எறங்கியிருந்துச்சு. அவரு நடந்து வர்றப்ப எனக்கு ஒரு ஆசை இருந்துச்சு, இப்ப சொன்னா சிரிப்பீங்க. இவரு வந்து பாக்கணும், ஏமாந்துட்டோம்னு தெரியணும், ஒன்றியத்தப் புடிச்சு நாலு வார்த்தை கேக்கணும், மறுநாளே பாலத்துக்கு ஆள் அனுப்பணும். அப்படி ஆனா இந்தக் கம்பி வேலையே வேண்டாமே. பெரிய தலைக்கு உண்மை தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

அவரு ஃப்ளெக்ஸுக்கு முன்னாடி வந்து நின்னாரு. பின்னாடி ஓடை சத்தம் கேக்குது.

"தண்ணி சத்தமா?"

"ஆமாண்ணே, பாலத்துக்கு அடியில போகுது" ன்னாரு ஒன்றியம்.

மாவட்டம் தலையாட்டுனாரு. திரும்பி பாலத்த ஒரு தடவ பாத்தாரு. பக்கத்துல, கை எட்டுற தூரம். கேமராக்காரன் "அண்ணே, இப்படி நில்லுங்க" ன்னான். அவரு கைய எடுத்து, பிரிண்டு பண்ணுன பச்சைக் கைப்பிடி மேல வச்சாரு. புடிச்ச மாதிரி விரல மடக்கி. துணி லேசா உள்ள போச்சு. உடனே கைய கொஞ்சம் வெளிய இழுத்து, அமுங்காம, தொட்டும் தொடாம சரியா வச்சுக்கிட்டாரு. சிரிச்சாரு.

அவருக்குத் தெரியும். வந்து எறங்குன நிமிசத்துலருந்து தெரியும். இங்க யாரும் யாரையும் ஏமாத்தல, எல்லாருக்கும் எல்லாம் தெரியும். அந்த விரல மடக்குனாரு பாருங்க, என் சர்வீஸ்ல எனக்குக் கோவம் வந்தது அந்த ஒரு தடவதான். தலை அளவுக்கு வந்த சண்டைக்கெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான் வரும். முன்னாடி எல்லாம் பாலத்துல நிக்கிற போட்டோ வேணும்னா பாலம் வேணும். குறைஞ்சபட்சம் எங்கயாவது ஒரு பாலம் இருக்கணும். இப்ப அதுவும் வேண்டாம். அந்த வசதியச் செஞ்சு குடுத்தது என் லேப்டாப்பு.

கூட்டத்துலருந்து மதினி முன்னாடி வந்துச்சு.

"அண்ணே, இம்புட்டு தூரம் வந்துட்டீக. பாலத்துல ஏறி அந்தப் பக்கம் வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க."

ஒன்றியம் நெத்திய தொடச்சாரு. மாவட்டம் கும்பிட்டாரு, பேனர்ல இருக்க மாதிரியே.

"நேரம் இல்லம்மா. அடுத்து ஒரு காதுகுத்து இருக்கு. பாலத்த நல்லபடியா வச்சுக்கங்க."

"வச்சுக்கறோம்ணே" ன்னுச்சு மதினி. "நீங்களே சொல்லிட்டீக."

நாலு ஜீப்பும் எறங்குற வரைக்கும் எல்லாரும் சும்மா நின்னாங்க. சத்தம் கேக்காத தூரம் போனதும் துணிய அவுத்தாங்க. அத மாட்டுக் கொட்டத்துக்கு யாரோ சுருட்டிக்கிட்டாங்க. ஃப்ரேம சாச்சு, கயிறு கட்டி, ஓடைக்குக் குறுக்க இழுத்து, ரெண்டு பக்கமும் பாறையில படுக்கப் போட்டாங்க. மேல பலகை அடிச்சாங்க. பாண்டியண்ணே பட்டறையப் பூட்டிட்டு வந்து ரெண்டு முனையிலயும் கல்லத் தோண்டி கம்பிய எறக்கி சிமெண்டு போட்டாரு. மேல ஏறி ரெண்டு குதி குதிச்சுப் பாத்துட்டு, "படுக்குறதுக்குத்தான் நல்லா இருக்கு" ன்னாரு.

பிரச்சனை என்னன்னா, எங்க கடையில துணி கட்சிக்காரங்களுக்கு, ஃப்ரேம் கடைக்குத் திரும்பி வந்துரணும். அதுதான் வழக்கம். பெருமாளண்ணே ஒரு வாரம் பாத்தாரு, வரல. கட்டிங் மெஷினயும் ஒரு ஆளையும் ஜீப்புல ஏத்திக்கிட்டாரு. என்னையும் ஏறச் சொன்னாரு. போடியிலயே தூறல், குரங்கணிக்கு மேல நல்ல மழை.

ஓடையில தண்ணி செவப்பா போய்க்கிட்டு இருந்துச்சு. மேல அவரோட ஃப்ரேமு, கைப்பிடிக்கு மூங்கில் கட்டி. பெருமாளண்ணே இந்தப் பக்கம் கொடையப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. அந்தப் பக்கத்துலருந்து தர்ஷினி வந்தா. பைய தார்ப்பாயில சுத்தி முதுகுல கட்டியிருந்தா. சாதாரணமா நடந்து வந்தா, ரோட்டுல வர்ற மாதிரி.

"அத்தை, நீ எப்ப வந்த? மாமா, தள்ளுங்க, குரங்கணியில எனக்கு பஸ்சு போயிரும்."

பெருமாளண்ணே தள்ளி நின்னாரு. அவ போனா.

மெஷின்காரன் கேட்டான், "அண்ணே, எந்தப் பக்கத்துலருந்து வெட்டணும்?"

"ரெண்டு பக்கமும் சிமெண்டு போட்டுருக்கான். அந்தப் பக்கத்தையும் பாக்கணும்ல" ன்னு சொல்லிட்டு பெருமாளண்ணே ஏறுனாரு. கைப்பிடியப் புடிச்சு மெதுவா நடந்தாரு. நடுவுல நின்னு கீழ தண்ணியப் பாத்தாரு. கழுத்துலருந்து டேப்ப எடுத்து அகலத்த அளந்தாரு. அந்தப் பக்கம் எறங்கிப் போனவரு ரொம்ப நேரமா வரல. மதினி வீட்ல காப்பி குடிச்சிருக்காரு. தலைவர் மூஞ்சிக்குக் கீழ உக்காந்து.

திரும்ப அது மேலயேதான் வந்தாரு. வேற வழி இல்லையே. எறங்கி கொடைய உதறுனாரு.

"நடுவுல ஒரு எடத்துல ஆடுது. பாண்டிய இன்னொரு பைப்பு போடச் சொல்லு."

"ஃப்ரேமுண்ணே?"

"பாத்துக்கலாம்."

அந்த வார்த்தைக்கு அஞ்சாவதா ஒரு அர்த்தம் இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

அப்புறம் என் ரிட்டயர்மெண்ட். அதுல கதை ஒண்ணும் இல்ல. ஒன்றியம் அடுத்த பேனர் போட்டாரு, "சொன்னதைச் செய்தோம்"னு. நிஜப் பாலத்துல தர்ஷினி போறத எவனோ போட்டோ எடுத்துக் குடுத்திருக்கான். கம்பியும் மூங்கிலும் பாக்க நல்லா இல்லன்னு கிஷோரு ஏஐல போட்டு அத கான்கிரீட் ஆக்கி, ஜீப்பு போற அகலத்துக்கு விரிச்சுட்டான். "அத்தை, எனக்கு ஷூ போட்டு விட்டுருக்கான், சூப்பரா இருக்கு" ன்னா தர்ஷினி. முழு பேனரும் அவன் போன்லருந்தே வந்துச்சு. நாங்க பிரிண்டு மட்டும் எடுத்தோம். அடுத்த மாசம் எல்லா பேனரும் அப்படித்தான் வந்துச்சு. பெருமாளண்ணே என் சேர பிரிண்டிங் மெஷின் பக்கம் திருப்பிப் போட்டாரு. நானே எந்திரிச்சுட்டேன். பெருமாளண்ணனோட உடம்பும் அன்னைக்கே ரிட்டயர்டு ஆயிருச்சு. இப்ப எல்லாரும் ஏஐ உடம்பு, எல்லாரும் ஜிம்முக்குப் போறவங்க மாதிரி இருக்காங்க.

மதினி சொன்னதுதான் சரி. முடிஞ்ச பாலத்த யாரும் வந்து கட்டல. தர்ஷினி இந்த மழைக்கு ஒரு நாள்கூட நிக்கல.

லைனுக்கு வரலாமா வேணாமான்னு கேட்ட தங்கச்சிக்கு: வா. சாஃப்ட்வேர் எல்லாம் தானாப் பண்ணிக்கிரும். வெல்டிங் தெரிஞ்ச ஒருத்தரப் பழகி வச்சுக்க.

இத டைப் பண்ணிக்கிட்டு இருக்கப்ப பாண்டியண்ணே போன் போட்டாரு. நரிப்பாறைக்கு மேல இன்னொரு ஊர்லருந்து நாலு பேரு பட்டறைக்கு வந்திருக்காங்களாம். அவங்களுக்கும் ஒரு பேனர் ஸ்டாண்டு வேணுமாம். என்ன அளவுன்னு கேட்டாராம். ஓடைய அளந்து கயிறே கொண்டாந்திருக்காங்களாம்.

ஒன்றியத்துக்குப் போன் போட்டேன். மாவட்டத்துக்கு அடுத்து எந்தத் தேதி தோதுப்படும்னு பாத்துச் சொல்றேன்னாரு.